நாளைக்கு என்றால் எந்தக் கிழமை?

பாட்காஸ்ட் வேலையில் கேட்பவரின் முகம் நமக்குத் தெரியாது. அவர் நெற்றியைச் சுருக்கினாலும் நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவோம். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. மைக் என்ன, முறைக்கவா போகிறது என்று நினைத்துத்தான் இதற்கு வந்தேன். அதே நினைப்பில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் பின்னறையில் எங்கள் பதிவு நடக்கிறது. கல்வராயன் மலைக்காரர்களுக்குச் சான்றிதழ், விண்ணப்பம், முகாம் பற்றிச் சொல்வோம். என் சொல் தெளிவாக இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அன்றைய வேலையைக் கெடுத்துக்கொண்டு வீணாக அலைவார். ஒவ்வொரு பதிவிலும் எனக்குப் பயம் அதுதான்.

முதல் பதிவு

முதல் பதிவில் பாட்காஸ்ட் என்றால் என்ன, எபிசோட் என்றால் என்ன, எப்படி சப்ஸ்கிரைப் செய்வது என்று ஆறு நிமிடம் விளக்கினேன். மலையில் பாதி ஊருக்கு சிக்னலே கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிமலை ஜீப் ஓட்டுநர் ஏழுமலை அண்ணன் கீழே வரும்போதெல்லாம் எங்கள் பதிவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் வண்டியில் போடுவார். மலைக்கு நாங்கள் போய்ச் சேர்வது அப்படித்தான்.

எப்படி இருந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சொன்னது: "பேரு இன்னாவோ இருந்துட்டுப் போவட்டும்மா. நீ சேதிக்கு வர்றதுக்குள்ள பாதி சனம் எறங்கி வூட்டுக்குப் போயிடுது."

உரிய ஆவணங்கள்

அடுத்து, சுற்றறிக்கையில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: 'உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலரை அணுகவும்.' வாசிக்கும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. நாலு நாள் கழித்து கரியாலூரிலிருந்து ரஞ்சிதம் அக்கா ஒரு பெரிய துணிப்பையோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். பையைக் கவிழ்த்தார். ஆதார், ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, கரண்ட் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர் தாள் ஒன்று.

காலண்டர் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவரே சொன்னார்: "எது உரியதுன்னு நீ சொல்லல. அதான் காகிதமா இருந்த எல்லாத்தையும் வாரிக்கினு வந்துட்டேன்."

மேற்கண்டவை

அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் பெயரையும் சொன்னேன். ஆனால் முடிவில் 'மேற்கண்ட மூன்றையும் கொண்டு வரவும்' என்றேன். ஒலிப்பதிவு செய்யும் சேகர் அண்ணன் நிறுத்தினார். பெயர்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னதையே சொன்னால் சிரிப்பார்களே என்று நான் முனகினேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சொன்னார்: "படிக்கிறவன் கண்ணு மேல போய்ப் பாத்துட்டு வரும். காதுல கேக்கறவன் எங்க போய்ப் பாப்பான்?"

நாளை காலை பத்து மணிக்கு

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. தயாராகிவிட்ட சாதிச் சான்றுகளை வெள்ளிமலையிலேயே நேரில் கொடுக்க ஒரு முகாம், செவ்வாய்க்கிழமை. திங்கள் காலையில் பதிவு செய்தேன். தாள்களின் பெயர், இடம், நேரம் எல்லாம் சுத்தம். 'நாளை காலை பத்து மணிக்கு மறக்காமல் வாருங்கள்' என்று முடித்தேன். ஏழுமலை அண்ணன் மதியமே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார். மலையேறும் வழியில் ஜீப் படுத்துவிட்டது. வண்டி சரியாகி அவர் அதைப் போட்டது புதன்கிழமை மாலை.

வியாழன் காலை அவர் போன் செய்தார்: "ஏம்மா, முகாம்னு சொன்ன, ஆபீசுக்காரங்க ஒரு ஈ காக்கா இல்ல. ஏழு பேரு நின்னுக்கினு கிடக்கறாங்க." அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அங்கே வளர்மதி என்ற பெண்ணும் அவள் அப்பா கோவிந்தனும் முன்னால் நின்றார்கள். கல்லூரியில் சான்றைக் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். தவறினால் சீட் போய்விடும். நான் வாயைத் திறந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். குரல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தப்பு என்னுடையது, முகாம் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வளர்மதி மட்டும், "நாளைக்குன்னுதானேக்கா சொன்னீங்க?" என்றாள்.

வாங்காத சான்றுகள் கள்ளக்குறிச்சி கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டிருந்தன. ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மலை இறங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சான்றுக் கட்டைப் பொறுப்பில் வைத்திருந்தவர் வேறொரு முகாமுக்குப் போயிருந்தார். மேசையில் இருந்தவர், "நாளைக்கு வாங்க" என்றார். கோவிந்தன் நகரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எந்தக் கிழமைங்க? எத்தினி மணிங்க?" என்று கேட்டார். அந்த மனிதர், "வெள்ளிக்கிழமை, பத்து மணி" என்றார். மற்றவர்கள் பிறகு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஜீப்பிலேயே திரும்பினார்கள். அப்பாவும் மகளும் அன்று கள்ளக்குறிச்சியிலேயே உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சான்று வளர்மதியின் கையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் கல்லூரியில் கொடுத்துவிட்டாள். கோவிந்தன் பஸ் ஏறும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன் கொரலு நல்லாதாம்மா இருக்குது. மொதல்ல கிழமையச் சொல்லு, அப்பறமா வணக்கம் சொல்லு."

இப்போதெல்லாம் கிழமை, தேதி, மணி மூன்றையும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறேன், அப்படியும் அந்த நாள் நல்லபடியாக முடியும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.