பைக்குள் போகாத கொப்பி

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கறுப்பு ரெக்சின் பை ஒன்று தொங்கும். அப்பா உயிரோடு இருந்தபோது வேலைக்குக் கொண்டுபோன பை. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அம்மா அதற்கு 'ஓடுற பை' என்று பெயர் வைத்துவிட்டார். பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் முதலில் அந்தப் பை, பிறகுதான் பிள்ளைகள் என்று நானும் தங்கையும் பகிடி பண்ணுவோம். அம்மா சிரிக்கமாட்டார்.

பைக்கு ஒரு சட்டம் இருந்தது. அம்மா ஒரு கையில் பிடித்துக்கொண்டு பங்கர்வரை ஓடக்கூடிய பாரம்தான் அதற்குள் போகலாம். ஆகவே ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வரும். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள், எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்கள், அரிசி வாங்கும் கூப்பன் மட்டை, இரண்டு மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பனடோல், பாதிச் சவர்க்காரம், கடித்துப் பசியாற ஒரு பொட்டலம் புழுக்கொடியல், ஆளுக்கொரு மாற்றுடுப்பும் துவாயும். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, பூச்சி பிடிக்காமல் வெயில் காட்டி, திரும்ப அடுக்குவார். இதற்குள் இல்லாததைப் பற்றி ஓடும்போது யோசிக்கக்கூடாது என்று ஒவ்வொரு வெள்ளியும் சொல்வார்.

தொண்ணூற்றைந்து ஆவணியில் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுவிஸில். அவருடைய பெரியம்மா சாவகச்சேரியில் இருந்தார். அவர்தான் சண்டிலிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் தங்கையைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமையே அம்மாவிடம் ஆள் அனுப்பியவர். அந்தக் கலியாண வீட்டுக்கு நானும்தான் போயிருந்தேன். தங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்து சாப்பிட்டேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அவளுக்கு இருபத்து மூன்று. மூத்தவள் இருக்க இளையவளைக் கேட்டு வருவது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமல் போகிற விஷயம் அல்ல. கிணற்றடியிலும் சங்கக் கடையிலும் என்னைப் பார்த்து எல்லோரும் திடீரென்று அன்பாகக் கதைக்கத் தொடங்கினார்கள். என் சாதகத்தில் செவ்வாய் குற்றம். ஐந்து வருடமாக வந்த சம்பந்தங்கள் எல்லாம் குறிப்பைப் பார்த்ததோடு திரும்பிப் போயின. தங்கையின் குறிப்பு சுத்தம். நிறம், தலைமயிர், குரல் எல்லாம் அவளுக்குத்தான் என்று இருந்தேன், இப்போது கிரகங்களும் அவள் பக்கம்.

பொறாமை என்றால் சின்னப் பொறாமை இல்லை. அவள் முகம் கழுவினால் எனக்கு எரிச்சல் வந்தது. சைக்கிளில் ஏறும்போது அவள் பாவாடையைச் செருகிக்கொள்ளும் விதம்கூடப் பிடிக்கவில்லை. சுவிஸில் பனி கொட்டுமாம் என்று அவள் ஒருநாள் சொன்னபோது, "உனக்குத் தடிமனும் சளியும் பிடிக்கும்" என்றேன். அவள் அதையும் சிரித்துக்கொண்டு கேட்டாள். அது இன்னும் மோசம்.

சம்பந்தம் வந்த வெள்ளிக்கிழமை அம்மா அலுமாரியைத் திறந்து எங்கள் சாதகக் குறிப்புகளை எடுத்தார். ஒரே சாத்திரியார் எழுதியவை, ஒரே அளவுக் கொப்பிகள், நான்கு மூலையிலும் மஞ்சள் பூசியவை. முதல் பக்கத்தைப் பிரித்துப் பெயரைப் பார்த்தால்தான் எது யாருடையது என்று தெரியும். அம்மா பிரித்துப் பார்த்தார். தங்கையின் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, நூலால் கட்டி, பைக்குள் வைத்தார். என்னுடையதை எடுத்தபடியே அலுமாரிக்குள் திரும்ப வைத்தார். இடம் காணாமல் என் துவாய் வெளியே வந்தது.

கேட்டிருக்கலாம். ஏன் அம்மா என்னுடையதை வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை. ரோசம் விடவில்லை. வீடு எரிந்தால் சேர்ந்து எரியலாம் என்று என் கலியாணத்தை அம்மா கைவிட்டுவிட்டார் என்றே நான் முடிவுகட்டினேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளியும் பாயில் பரப்பியவற்றை எண்ணுவேன். தங்கையுடையவை என்னுடையவற்றைவிட இரண்டு கூட.

ஐப்பசியில் சண்டை கிட்ட வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா குறிப்பைக் கேட்டுச் சொல்லி அனுப்பினார். கந்தசஷ்டி விரதம் முடியட்டும், நல்ல நாள் பார்த்துக் கொடுப்போம் என்று அம்மா பதில் அனுப்பினார். அம்மாவும் தங்கையும் ஆறு நாளும் விரதம். ஐந்து வருடம் விடாமல் பிடித்த நான் அந்த வருடம் மட்டும் பிடிக்கவில்லை. முருகனோடும் கோபம்.

சனிக்கிழமை பின்னேரம் இருவரும் கோயிலுக்குப் போனார்கள். நான் பையை ஆணியிலிருந்து இறக்கினேன். தங்கையின் கொப்பியை எடுத்து, அதே பொலித்தீனில் என் கொப்பியைச் சுற்றி, அதே நூலால் கட்டி உள்ளே வைத்தேன். அவளுடையதை அலுமாரியில் என் கொப்பி இருந்த இடத்தில் செருகினேன். கெடுக்க நினைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கு முன் மாற்றி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நாலைந்து நாளாவது என் தலையெழுத்தும் அந்தப் பைக்குள் இருக்கட்டும் என்று ஆசை, அவ்வளவுதான். அன்றிரவு அவளோடு நல்ல முகமாகக் கதைத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் வந்தது. எல்லோரையும் உடனே ஊரைவிட்டுச் சாவகச்சேரிப் பக்கம், தென்மராட்சிக்குப் போகச் சொன்னார்கள். அம்மா அடுப்பில் இருந்த உலையை இறக்கித் தண்ணீர் ஊற்றினார், மாட்டை அவிழ்த்துவிட்டார், பையை எடுத்தார். நான் கொப்பியை நினைக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, வாசல் படலையைத் தாண்டும்போது நினைத்தேன். "ஒருக்கா உள்ளுக்கை போட்டு வாறன்" என்றேன். "பையுக்கை இல்லாதது ஒண்டும் வேண்டாம், நட" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது வாய் திறந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. திறக்கவில்லை.

மழையில் நடந்தோம். பாலத்தடியில் சனம் அசையாமல் நின்றது. ஒரு முழுநாள் கழித்துத்தான் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கும் வாங்கு ஒன்றுக்குக் கீழே எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்த வழி முழுவதும் பையை அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. தங்கை கேட்டபோதும் நான் கேட்டபோதும் தலையை ஆட்டிவிட்டுத் தோள் மாற்றிக்கொண்டார். எனக்கு அந்தப் பையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளையின் பெரியம்மா எங்களைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார். கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் குறிப்பைக் கொடுத்தனுப்ப வேண்டுமாம், மறுநாள் விடிய அவர் வெளிக்கிடுகிறாராம். அம்மாவின் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது. பையைத் திறந்து, நூலை அவிழ்த்து, கொப்பியை இரு கையாலும் கொடுத்தார். பெரியம்மா முதல் பக்கத்தைப் பிரித்துப் பெயரை வாசித்தார்.

"இது மூத்த பிள்ளையின்ரையெல்லோ" என்றார்.

அம்மா கொப்பியை வாங்கிப் பார்த்தார். பையைக் கவிழ்த்தார். சான்றிதழ்கள், மெழுகுதிரி, புழுக்கொடியல் எல்லாம் சீமெந்துத் தரையில் விழுந்தன. வேறு கொப்பி இல்லை.

"இதை ஏன் நான் வைச்சனான்? இது எனக்குப் பாடமெல்லோ" என்று அம்மா தனக்குத்தானே கதைப்பதுபோலச் சொன்னார். "நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். ஆனி பதினாலு, வெள்ளி விடிஞ்சால் சனி, நாலு மணி பத்து நிமிஷம், கேட்டை ரெண்டாம் பாதம், இடப லக்கினம், செவ்வாய் ஏழிலை. எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். கொப்பி துலைஞ்சாலும் என்னட்டை இருக்கெண்டுதான் நான் அதைக் காவேல்லை."

"சரி, சின்னவளின்ரை நேரத்தைச் சொல்லுங்கோ. இஞ்சை ஒரு சாத்திரியார் இருக்கிறார், எழுதுவிப்பம்" என்றார் பெரியம்மா.

அம்மா தரையில் கிடந்த தங்கையின் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிப் பார்த்தார். தங்கை பிறந்தபோது அம்மாவுக்கு வயிறு வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு நாள் நினைவே இல்லை. தாதி சொன்ன நேரத்தை அப்பா உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டுபோய்ச் சாத்திரியாரிடம் கொடுத்தாராம். அப்பாவும் இல்லை, அந்தச் சாத்திரியாரும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் திகதி இருக்கும், நேரம் இருக்காது. உலகத்தில் அவள் பிறந்த நேரம் அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருந்தது. நான் அதை அலுமாரியில் செருகிவிட்டு வந்திருந்தேன்.

"மத்தியானமோ, பின்னேரமோ" என்றார் அம்மா.

"நேரமில்லாமல் பொருத்தம் பாக்கேலாது தங்கச்சி" என்றார் பெரியம்மா அம்மாவைப் பார்த்து. கோபமில்லாமல்தான் சொன்னார். வேறு இரண்டு இடத்துக் குறிப்பும் தன்னிடம் இருப்பதாகவும், நாளைக்கு அவற்றையாவது அனுப்பவேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். அம்மா தரையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "கண் தெரியாமல் மாறி எடுத்துப்போட்டன். என்ரை பிழை, என்ரை பிழை" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் புழுக்கொடியலைப் பொறுக்கினேன்.

பின்னேரம் கிணற்றடியில் தண்ணீருக்கு வரிசை. தங்கை எனக்கு முன்னால் வாளியோடு நின்றாள். அம்மாவின் குரல் காதைவிட்டுப் போகவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்வது லேசாக இருந்தது.

"நான்தான் மாத்தி வைச்சனான். சனிக்கிழமை, நீங்கள் கோயிலுக்குப் போனாப்போலை."

அவள் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சுவிஸ் போனால் போகட்டும்" என்றாள். வாளியின் கைப்பிடியைப் பிடித்து முறுக்கினாள். "உன்ரை பாதம், லக்கினம், நிமிஷமெல்லாம் அம்மா நிண்ட நிலையிலை சொல்லுறா. என்ரை மத்தியானமோ பின்னேரமோ எண்டும் தெரியேல்லை. ஒருநாளாவது அம்மா அந்தக் கொப்பியைத் திறந்து வாசிச்சிருந்தால் தெரிஞ்சிருக்குமெல்லோ அக்கா."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆவணியிலிருந்து நான் அவளைப் பார்த்ததும் அப்படித்தான். ஒருநாளாவது அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். எங்கள் முறை வந்தது. அவள் வாளியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "நீ முதல் அள்ளு" என்று விலகி நின்றாள்.