முதல் பிரதி

செய்தி வந்தபோது கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். “அப்பா போயிட்டாவ சித்தப்பா,” என்றாள் போனில் அண்ணாச்சியின் மகள் செல்வி. என் பையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து அழைப்பிதழ்கள் இருந்தன. அவற்றில் அண்ணாச்சியின் பெயர் இல்லை. எடுத்தவன் நான்தான்.

நம் தாராவி வாசகர் மன்றத் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். தோல் பை பட்டறை நடத்திக்கொண்டே எகிப்து சரித்திரம் படித்தவர். அவர் வந்தாலும் வராவிட்டாலும் “தலைவர் அண்ணாச்சி தலைமையில்” என்று சொல்லித்தான் கூட்டம் தொடங்கும். செம்பூர் வீட்டில் படுத்த படுக்கையான பிறகும் எட்டு மாதம் அப்படியே சொன்னோம். வேலை முழுக்கச் செயலாளரான என் தலையில். மனிதர் ஒரு முடிவும் சொல்ல மாட்டார், பதவியையும் விட மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் “செயலாளர் தலைமையில்” என்று அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

அவர் சொன்ன சலாஹுத்தீன் கதை உங்களுக்கும் நினைவிருக்கும். கெய்ரோவின் இளம் கலீபா சலாஹுத்தீனை வஜீராக்கினார், அதாவது முதலமைச்சராக. படை, கஜானா எல்லாம் மெல்ல வஜீர் கைக்குப் போயின. வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பிரசங்கத்தில் ஆள்பவர் பெயரை வாசிப்பது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கலீபாவின் பெயரை விட்டுவிட்டு, பாக்தாத் கலீபாவின் பெயரை வாசித்தார்கள். எகிப்தை ஆண்ட வம்சம் அத்தோடு முடிந்தது. நோயில் கிடந்த கலீபாவிடம் யாரும் சொல்லவில்லையாம்.

“அன்னைக்கு ஒருத்தனும் கத்திய எடுக்கல, பாத்துக்கிடுங்க. பேர வாசிக்கல, அவ்ளோதான்,” என்றார் அண்ணாச்சி.

“அவர்ட்ட மறைச்சது துரோகம் இல்லையா?” என்று கேட்டேன்.

“அவருக்குத் தெரியாதுன்னு உமக்கு எப்படி வே தெரியும்?” என்றார். குதர்க்கம் பேசுகிறார் என்று கோபம்தான் வந்தது.

பெயரை எடுத்ததை நானும் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. ஆனால் அழைப்பிதழின் முதல் பிரதி தலைவர் வீட்டுக்குப் போவது மன்றத்து வழக்கம். அதைத் தடுக்க மறந்துவிட்டேன், மடையன். அச்சகத்துக்காரர் வழக்கம்போல் செம்பூருக்கு அனுப்பிவிட்டார்.

துக்கத்துக்குப் போனபோது செல்வி அதை என் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு வாட்டி படிச்சாவ சித்தப்பா. ‘நான் பாத்தேன்னு அவன்ட்ட சொல்லிராத, சங்கடப்படுவான்’னாவ.”

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அண்ணாச்சி? போனைப் போட்டு “என்ன வே இது” என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனே!

தலையணைக்கடியில் கிடந்து கசங்கிய அந்த முதல் பிரதி என்னிடம் இருக்கிறது. மற்றவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உண்டு, தலைவர் அண்ணாச்சி தலைமையில்.