பவளம் ஒட்டப் போன வீடுகள்

அடுத்தவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, உயிருள்ள பவளத்தைப் பாறையில் ஒட்டிவிட்டு வருவது என் தொழில். 'மீன் தொட்டி கழுவுற பொண்ணு' என்றுதான் புத்தூரில் சொல்வார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். திருப்பதி, சித்தூர், புத்தூர் எல்லாம் சேர்த்து என் பொறுப்பில் பதினோரு கடல்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன. ஏசி ரிப்பேருக்கோ, தண்ணீர் ஃபில்டர் மாற்றவோ வீடு வீடாகப் போகிறவர்கள் இதைப் படித்தால் விளக்கமே வேண்டியதில்லை. "அப்படிச் செய்யாதீங்க" என்று நாம் சொன்ன காரியத்தை, நாம் படி இறங்குவதற்குள் செய்து முடிக்கிற ஜனங்களை உங்களுக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பவளம் கல் இல்லை, செடியும் இல்லை, பிராணி. அதற்கு வாய் உண்டு. சாப்பிடும், கொட்டும், சாகும்.

சத்தமே காணோம்

பவளம் ஒட்டும்போது அலை மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். தொட்டிக்குள் கடல் மாதிரி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிற மோட்டார் அது. பசை இறுகும் வரை தண்ணீர் அசையக் கூடாது. சித்தூரில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டில், "சுவிட்சைத் தொடாதீங்க சார்" என்று சொல்லி, அதன் மேல் டேப்பும் ஒட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். ஆறு துண்டு ஒட்டியாயிற்று. ஏழாவதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் உறுமியது. ஆறும் பிய்த்துக்கொண்டு மூலைக்கு ஒன்றாகப் பறந்தன. ஒன்று பாறை இடுக்கில் தலைகீழாக விழுந்ததில், அதை எடுக்க பாதிப் பாறையைக் கலைத்தேன். ஏழாவது என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்த டேப்பை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "சத்தமே காணோமேம்மா. கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கினு போட்டுட்டேன்."

போட்டோவுக்கு நெருக்கமாக

திருப்பதியில் ஒரு கான்ட்ராக்டர். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் புது வீட்டுத் தொட்டியில் பதினாலு பவளம் ஒட்டச் சொன்னார். நடுவே ஒரு சாண் ஒரு சாண் இடம் விட்டு ஒட்டினேன். டார்ச் பவளம் என்று ஒன்று இருக்கிறது. பார்க்கக் குஞ்சம் மாதிரி அழகாக ஆடும். ஆனால் பக்கத்தில் வேறு எது இருந்தாலும் கொடுக்கை நீட்டிச் சுட்டுவிடும். அவருக்கு அந்த இடைவெளி பிடிக்கவில்லை. "பல்லு போன வாய் மாதிரி இருக்குதும்மா" என்றார். ஏன் இடம் விடுகிறேன் என்று நிற்க வைத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

நாலாம் நாள் போய்ப் பார்த்தால், பதினாலும் ஒரே பாறையில் பூக்கூடை மாதிரி அடைந்திருந்தன. போட்டோவுக்காக அவரே பிய்த்து அவரே ஒட்டியிருக்கிறார். டார்ச்சைச் சுற்றி இருந்த ஐந்தும் சதை கழன்று, வெள்ளை எலும்பாக நின்றன. என் வீட்டுத் தொட்டியில் ஐந்து மாசம் வைத்துத் தேற்றிக் கொண்டுவந்த ஊதாப் பவளமும் அதில் ஒன்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் மேல் பாய்ந்தார்: "இதுங்க ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கும்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா உனக்கு?"

ஈசானிய மூலை

செம்பு பட்ட தண்ணீரில் பவளம் பிழைக்காது. இறால், நத்தை எதுவும் பிழைக்காது. திருப்பதியில் ஒரு பல் டாக்டர் க்ளினிக்கில் இதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, லேமினேட் செய்து தொட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். ஒரு வாரம் நத்தைகள் செத்தன. அடுத்த வாரம் இறால். அப்புறம் பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டன. உப்பைப் பார்த்தேன், தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். என் கையிலேயே ஏதாவது இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, சோப்பு போடுவதைக்கூட நிறுத்தினேன்.

கடைசியில் வடகிழக்கு மூலையில் பாறைக்குப் பின்னால் கையை விட்டால், ஒரு சின்னச் செம்புக் கலசம் வந்தது, பச்சை பூத்துப் போய். வாஸ்து பார்த்தவர் வைக்கச் சொன்னாராம். லேமினேட் அட்டையைக் கழட்டிக் கொண்டுபோய் டாக்டரின் மேஜை மேல் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செம்புல தண்ணி குடிச்சா மனுஷனுக்கே நல்லதாச்சேம்மா!"

கடலிலிருந்து ஒரு பார்சல்

நாங்கள் ஒட்டுவது எல்லாம் பண்ணையில் வளர்த்து, அனுமதிப் பேப்பரோடு வருகிற துண்டுகள். என் பார்ட்னர் முனிரத்தினம் சென்னைக்குப் போய் எடுத்து வருவான். கடலில் உடைத்தெடுப்பது குற்றம். குற்றமே இல்லை என்றாலும் நான் தொட மாட்டேன். நாராயணவனத்தில் ஒரு சேலை வியாபாரி, குடும்பத்தோடு கடற்கரைக்கு டூர் போய்விட்டு வந்து எங்களைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் கவரில் தேங்காய் அளவு பவளம். படகுக்காரன் கடப்பாரையால் உடைத்துக் கொடுத்தானாம். காரிலேயே வந்து நாறிப்போயிருந்தது. அதன் பொந்தில் ஒரு சின்ன நண்டு மட்டும் இன்னும் உயிரோடு ஒண்டிக்கொண்டிருந்தது.

அந்த நண்டைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "இதையும் ஒட்ட மாட்டேன், இனிமே உங்க தொட்டிப் பக்கமும் வர மாட்டேன் சார்" என்று சொல்லி, நண்டை மட்டும் உப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு முனிரத்தினம் கேட்டான்: "அதான் செத்துப்போச்சேக்கா. ரெண்டு சொட்டு பசை வெச்சிட்டு வந்திருந்தா இன்னா போச்சு?"

அண்டாவில் கொதித்தது

புத்தூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லெக்சரர் வீடு. அவர், அவர் மனைவி பத்மா அக்கா, ஆறு வயசுப் பெண் ஹாசினி. அவர்கள் தொட்டியில் ஒரு கல் முழுக்கப் பச்சைப் பொத்தான்களைக் கொட்டி வைத்த மாதிரி கூட்டமாக வளர்கிற ஒரு பவளம் இருந்தது. அந்த ஜாதியில் சிலதுக்குள் கடுமையான விஷம் இருக்கும். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்யாது. வெறும் கையால் தேய்க்கக் கூடாது. வெந்நீர் ஊற்றவே கூடாது, ஆவியோடு சேர்ந்து விஷம் மூச்சில் ஏறும். அவரிடம் மூன்று தடவை சொன்னேன். "நானும் சயின்ஸ் படிச்சவன்தாம்மா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பதியில் ஒரு வீட்டில் வேலையாக இருந்தபோது பத்மா அக்காவிடமிருந்து போன் வந்தது. பேச விடாமல் இருமல். "பாசி புடிச்சிக்கினு இருக்குன்னு அவரு அந்தக் கல்லை அண்டாவுல போட்டுக் கொதிக்க வெச்சாரு சுகுணா. எல்லாருக்கும் தொண்டை எரியுது. பாப்பாவுக்கு வாந்தி நிக்கவே இல்ல."

"அடுப்ப அணைச்சாச்சா?"

"அவரு அணைச்சிட்டாரு."

"யாரும் சமையல்கட்டுப் பக்கம் போகாதீங்க. பாப்பாவத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நான் வந்துக்கினே இருக்கேன்" என்று கத்திவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் வண்டியை எடுத்தேன். ரேணிகுண்டா தாண்டிப் புத்தூர் வரும் வரை அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையும் போதவில்லை.

ஆஸ்பத்திரியில் ஃபுட் பாய்சன் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் விஷத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் போனில் தேடிப் படித்தார். குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்து, மூன்று பேரையும் ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு அனுப்பினார். மூன்று நாள் நான் தொட்டிகள் எதையும் பார்க்கப் போகாமல் அங்கேயே கிடந்தேன். நாலாம் நாள் காலையில் ஹாசினி எழுந்து உட்கார்ந்து ஒரு இட்லியைத் தின்று முடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பத்மா அக்கா என் கையை விடவே இல்லை.

வெளியே லெக்சரர், இன்னும் இருமிக்கொண்டே, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து, கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு போனேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவ்ளோ நேரம் கொதிச்சதுல விஷமெல்லாம் போயிருக்கும்ல? அந்தக் கல்லை மறுபடி தொட்டியில வெச்சுக்கலாமா?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பவளம் வருஷத்துக்கு ஒரு விரல்கடையாவது வளர்ந்துவிடுகிறது, இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அதுகூட வளர மாட்டேன் என்கிறார்கள்.