மேல்காற்று வந்த சன்னல்

பிற்பகல் மூன்றே காலுக்கு மின்சாரம் போனது. மகள் முகத்தில் வைத்திருந்த நெபுலைசரும் தலைக்கு மேலே மின்விசிறியும் ஒன்றாக நின்றன. அவளுக்குப் பதினாறு வயது, சிறுவயதிலிருந்தே வீசிங். முன்பெல்லாம் மேற்குச் சன்னலருகே கொண்டுபோய் உட்கார வைப்பேன். ஆடி மாதத்து மேல்காற்று முற்றத்தைத் தாண்டி வந்து முகத்தில் அறையும். சிவகாசி வெயிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்றும் சன்னலைத் திறந்தேன். எதிரே பூசாத சுவர். அதன் சூடுதான் வந்தது.

அந்தச் சுவரைப் பக்கத்து வீட்டுத் தம்பி எங்களுக்காகத்தான் எழுப்பினார். மாடியில் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டறை போட்டிருந்தார். அங்கே நின்றால் எங்கள் முற்றம் தெரியும். அடுத்த வீட்டுக்குள் பார்வை போகக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். அவர் அதில் கண்டிப்பானவர். என்னை அக்கா முறை வைத்து லாத்தா என்பார்.

"வேல பாக்குற பயலுக எட்டிப் பாத்தா எனக்குத்தான பாவம் லாத்தா? இனி முக்காடு இல்லாமயே முத்தத்துல நில்லுங்க."

"அம்மாவுக்கு மறைப்பு சரி மாமா, எனக்குக் காத்து?" என்றாள் மகள்.

"ஏ புள்ள, நீ மொதல்ல கணக்குல பாஸாகு. ஏசியே மாட்டித் தாரேன்."

"அப்ப காத்தே கிடையாதுன்னு சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தோம்.

பிறகொரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும்போது, அவள் அத்தா, என் கணவர், தம்பியிடம் மெல்லப் பேச்செடுத்தார். அண்டை வீட்டுக்காரரின் காற்றை அவர் சம்மதமில்லாமல் மறிக்கக் கூடாது என்பதும் மார்க்கம்தானே. தம்பி முகம் வாடிவிட்டதாம். "மேல பாதிய எடுத்துட்டு ஜாலி வச்சுருவோம் மச்சான். காத்தும் வரும், கண்ணும் போகாது. இந்த சீசன் லோடு மட்டும் போகட்டும்." துளைபோட்ட சிமெண்ட் கல்லைத்தான் ஜாலி என்றார்.

லோடு போய்க்கொண்டே இருந்தது.

"சன்னலத் தொறம்மா," என்றாள் மகள், மின்சாரம் போன அந்தப் பிற்பகலில்.

"தொறந்துதான் இருக்குடா."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். அவள் அத்தா சாத்தூரில் இருந்தார். நான் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது என் மடியில் அவளுக்குப் பேச்சில்லை.

டாக்டர் சுவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காற்று வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்கிறார் அவள் அத்தா. இருக்கலாம். அவள் தங்கை லேசாகத் தும்மினாலும் நான் சன்னலுக்குத்தான் ஓடுகிறேன்.

மகளின் ஜனாஸாவுக்குத் தெருவே வந்தது. தம்பி மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளை அடக்கம் செய்த கபர்ஸ்தானில் கடைசி ஆளாகத் தள்ளி நின்றாராம். பட்டறைச் சத்தமும் நின்றுபோனது.

பிறகு ஒரு காலையில் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அது நிறைய ஜாலி. தம்பி படியேறவில்லை. கீழேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"லாத்தா, புள்ள சன்னலு எம்புட்டு ஒசரத்துல இருக்கு? உள்ள வந்து பாக்க என்னால முடியல. நீங்களே சொல்லுங்க."