சொன்னவருக்கே வண்டி

மேனேஜர் மேசையில் ஒரு பித்தளை மணி இருந்தது. உள்ளங்கையால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். போன மாதம் அவருடைய மகன் என்னைத் தேடி வந்து, அப்பாவின் படத்திறப்புக்கு வந்து நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டபோது, அந்தச் சத்தம்தான் என் காதில் முதலில் விழுந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மீட்டிங் மீட்டிங் என்று மணிக்கணக்காக உட்கார்ந்து ஒன்றும் உருப்படாமல் எழுந்து வருகிறார்கள், அப்பா எந்தக் கூட்டத்தையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார், பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். முட்டி வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர் யாரையாவது குறை சொல்ல விட்டிருந்தால் நானும் இப்போது சும்மா இருந்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் தேனியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் கிளார்க்காக இருந்தேன். எங்கள் வண்டிகள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு முழுவதும் ஓடின. ஒன்றிரண்டு குமுளி மலைப்பாதையிலும் ஏறி இறங்கின. முதலாளி போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பஸ் கம்பெனியை அவர் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. காலையில் இருட்டு விலகுவதற்குள் ஷெட்டுக்கு டீ வந்துவிடும். டிரைவர்கள் டம்ளரும் கையுமாகப் போர்மேனைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் கிளட்ச் என்பார், ஒருவர் ஹெட்லைட் என்பார், இரண்டு பேர் பழைய சண்டையைப் புதிதாகத் தொடங்குவார்கள். கெட்ட வார்த்தை இல்லாமல் அந்த ஷெட்டில் ஒரு நட்டுக்கூட முடுக்கப்பட்டதில்லை. ஆனால் டம்ளர் காலியாவதற்குள் எந்த வண்டி போகலாம், எது நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிடும். அதைக் கூட்டம் என்று யாரும் சொன்னதில்லை. கூட்டம் என்ற சொல்லே மேனேஜர் வந்த பிறகுதான் எங்களுக்கு அறிமுகமானது.

அவர் முதலாளிக்கு மைத்துனர் முறை. மதுரையில் ஏதோ மில்லில் இருந்துவிட்டு வந்தவர். சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு ஷெட்டுக்குள் நுழைந்தவருக்கு அந்தக் காலை இரைச்சல் ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. இனி திங்கட்கிழமைதோறும் தன் அறையில் கூட்டம், குறை இருந்தால் அங்கே சொல்ல வேண்டும், ஷெட்டில் கூடி நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அறையில் நாற்காலி அவருக்கு மட்டும்தான். டிரைவர்கள் சுவரோரம் நிற்பார்கள். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும். வண்டியை எடுக்கச் சோம்பல்பட்டுத்தான் டிரைவர்கள் குறை கிளப்புகிறார்கள் என்பது அவருடைய முடிவு. அதற்கு அவரே ஒரு மருந்தும் கண்டுபிடித்தார். எங்கள் கம்பெனியில் வண்டிகள் வாரா வாரம் டிரைவர் மாறும். இனிமேல் ஒரு வண்டியைக் குறை சொன்னால் அந்த வண்டி மாறாது, சொன்னவருக்கே நிரந்தரம். வேறொருவர் வந்து அதே வண்டியைக் குறை சொன்னால்தான் அது கைமாறும். "கஷ்டம் தெரிஞ்சவர் ஓட்டுனா கவனமா ஓட்டுவாரு" என்று விளக்கமும் சொன்னார். சொல்லிவிட்டு மணியைத் தட்டினார். முடிந்தது கூட்டம்.

முதலில் மாட்டியது என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். உத்தரவின் ஆழம் யாருக்கும் பிடிபடாதபோதே, அடுத்த கூட்டத்தில், மூணாம் நம்பர் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, டிரம் தேய்ந்துபோய்விட்டது என்று சொல்லித் தொலைத்தார். அந்த நிமிடமே மூணாம் நம்பர் அவர் தலையில் கட்டப்பட்டது. அது குமுளிக்குப் போகிற வண்டி. அடுத்த வாரம் போர்மேன் டிரம் மாற்ற அனுமதி கேட்டார். அந்தக் குறையைத்தான் தீர்த்தாகிவிட்டதே, பொறுப்பான ஆளிடம் கொடுத்திருக்கிறோமே என்றார் மேனேஜர். எனக்கு இன்றும் எரிகிறது. அந்த ஆளுக்கு ஒரு குறைக்குப் பொறுப்பாளி கிடைத்துவிட்டால் குறையே போய்விட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யார் வாயைத் திறப்பார்கள்? மணி அடித்ததும் வரிசையாக "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பார்கள். தன் திறமையால் குறைகள் ஒழிந்துவிட்டன என்று மேனேஜர் பூரித்துப்போனார். இதற்கிடையில் மதுரையில் நிர்வாக வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, கூட்டம் உற்சாகமாக இருக்க வேண்டும், ஆளுக்கொரு நல்ல செய்தி சொல்ல வேண்டும், சொன்னதும் மற்றவர்கள் கைதட்ட வேண்டும் என்றார். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? டிரைவர் சீட்டுக்கு மேலேயே ஒழுகுவதால் மழைக்காலத்தில் குளிக்கிற வேலை மிச்சம் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து கைதட்டினோம். மேனேஜரும் சிரித்தபடியே கைதட்டிவிட்டு, அந்த வண்டியை அவருக்கே நிரந்தரமாக்கினார். மறுவாரத்திலிருந்து, இன்றைக்கு வெயில் நன்றாக அடிக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் நல்ல செய்தி.

மச்சான் அந்த வண்டியை மாதக்கணக்காக ஓட்டினார். இன்னொருவர் வாயைத் திறந்தால் அவர் தப்பிக்கலாம். திறந்தவர் மாட்டிக்கொள்வார். இது எல்லோருக்கும் தெரியும். கூட்டாளிகள் அவரிடம் முன்னைவிடப் பிரியமாகப் பேசினார்கள், வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள், டீக்கடையில் முதல் டம்ளரை அவரிடம் நீட்டினார்கள். அந்தப் பிரியத்தைக் கண்டாலே அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். வாங்கிய டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிடச் சொல்லி அக்கா நச்சரித்தாள். விட்டால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று இவர் வீம்பு பிடித்தார். வேறு வேலையும் கையில் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, மூணாம் நம்பருக்குப் பிரேக் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். நான் டிரைவர் இல்லை, என் தலையில் எந்த வண்டியைக் கட்ட முடியும் என்ற தைரியம். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லது, அக்கறை இருக்கு. இந்த வாரம் நீங்களே மூணாம் நம்பர்ல டிக்கெட் செக்கிங் போங்க" என்றார். மணி அடித்தது. டிரைவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவர் மட்டும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல இருந்தது.

மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் தெரிந்தது. எஸ்டேட் வேலை முடிந்து கூடலூர், கம்பம் திரும்புகிற பெண்கள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மச்சான் வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே பிடித்துக்கொண்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதித்தபடி இருந்தார். பக்கத்தில் நின்று ஏதோ கேட்டேன். "பேசாத மாப்ள. பேச்சுல நினைப்புப் போனா காலு மறந்துரும்" என்றார். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. மலையடிவாரத்து லோயர் கேம்புக்கு மேலே ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. மிதித்த மிதியில் பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. அவர் மலைப்பக்கமாக ஒடித்து, மண் மேட்டில் உரசவிட்டுத்தான் நிறுத்தினார். தூக்குச் சட்டிகள் உருண்டன, பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். நான் இறங்கி டயருக்குக் கட்டை வைத்தேன். மச்சான் ஸ்டியரிங்கின்மேல் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு, "இன்னைக்கு ஒதுங்க மண்ணு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். என்னையும் கூடவே வரச் சொன்னாள். டிரைவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில்தான் இருந்தன. ஒரு வீட்டிலும் அவள் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே எல்லா வீட்டிலும் ஒரே பேச்சைத்தான் பேசினாள். ஆண்களிடம் பேசவே இல்லை, அவர்களைத் தாண்டி அவர்களுடைய மனைவிமாரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க வீட்டுல அவுக இருக்க வரைக்கும்தான் உங்க வீட்டு ஆளு தப்பிச்சுக்கிட்டு இருக்காக. அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தச் சாவி எந்த வீட்டுக்கு வரும்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாரு ஆத்தா."

அவ்வளவுதான். சாபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அந்த வீடுகளில் அன்றிரவு என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது. அதுவரை, மூணாம் நம்பர் மச்சானிடம் இருப்பதுதான் தங்களுக்குப் பாதுகாப்பு என்று அத்தனை பேரும் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். அவருக்குப் பிறகு என்ன என்ற கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் மணியைத் தட்டி, நல்ல செய்தி என்ன என்றார். இருப்பதிலேயே இளைய டிரைவர், "மூணாம் நம்பருக்குப் பிரேக் இல்ல சார்" என்றார். மேனேஜர் முகம் மலர்ந்தது. சரி, இன்று முதல் அது உங்களுக்கு என்றார். அடுத்து நின்றவர், "மூணாம் நம்பருக்குப் பிரேக் இல்ல சார்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசை முடிந்ததும் முதலாமவர் மறுபடி தொடங்கினார். கடைசியாகச் சொன்னது யார், யாருக்கு வண்டியைக் கொடுப்பது என்று மேனேஜருக்குக் குழம்பியது. மணியைத் தட்டிக்கொண்டே இருந்தார். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னபடி வெளியே நடந்தார்கள். போர்மேன் மட்டும் நின்று, நீங்கள் போட்ட சட்டப்படி சொன்னவர்களுக்குத்தானே சார் வண்டி என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர்கள் அத்தனை பேரும் மூணாம் நம்பரில் ஏறி, ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். மற்ற வண்டிகள் ஷெட்டில் நின்றன. பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் கூடிவிட்டார்கள் என்று ஆள்மேல் ஆளாக வந்து சொன்னார்கள். மேனேஜர் சாவிக்கொத்தும் கையுமாக ஓடி வந்து, இறங்காவிட்டால் எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று கத்தினார். மச்சான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க சார். குமுளிக்குப் போயிட்டு வருவோம். உங்களுக்கு முன் சீட்டு" என்றார்.

மேனேஜர் ஏறவில்லை. படியில் கால்கூட வைக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். அந்த ஒரு அடியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வண்டி எப்படிப்பட்டது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அவரை முட்டாள் என்று நினைத்து மன்னித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் போடியிலிருந்து முதலாளியின் கார் வந்தது. அவர் மேனேஜரிடம் ஒன்றும் கேட்காமல் போர்மேனைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். அந்த வாரமே மூணாம் நம்பருக்குப் புது டிரம் வந்தது.

என் மருமகள் இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை, பேச வைக்க என்னென்னவோ விளையாட்டெல்லாம் நடத்துகிறார்கள் என்று சலித்துக்கொள்வாள். விளையாட்டு கிடக்கட்டும், போன தடவை பேசியவனை என்ன செய்தீர்கள் என்று அவளைக் கேட்டேன்.

மச்சானை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி மேனேஜரை மாற்றவில்லை, சொந்தக்காரர் ஆயிற்றே. விஷயம் ஆறியதும், மண் மேட்டில் உரசி வண்டிக்குச் சேதம் உண்டாக்கினார் என்று மச்சானை வேலையிலிருந்து நீக்கினார் மேனேஜர். கூட்டத்தில்தான் அதை அறிவித்தார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். பிரேக் இல்லாததால்தான் உரசியது, நான் வண்டியிலேயே இருந்தேன் என்று சொன்னேன். என்னை எழுத மட்டும் சொன்னார். டிரைவர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வண்டிதான் சரியாகிவிட்டதே, இனி யார் தலைக்கும் ஆபத்தில்லை. மேனேஜர்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அவர்கள்மேலும் இருக்கிறது.

அன்று மதியம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது இளைய டிரைவரின் மனைவி வந்தாள். தன் புருஷன் பேசாமல் நின்றது பெரிய தப்பு, வீட்டில் சோறு இறங்கவில்லை, மன்னித்துவிட வேண்டும் என்று வாசலில் நின்று அழுதாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவள் அழுது ஓயும்வரை களைந்துகொண்டே இருந்தாள்.

"நான் நியாயம் கேட்டு உங்க வீட்டுக்கு வரல. இவுக உசுரோட வேணும்னு வந்தேன். இருக்காக. நீ கிளம்பு" என்றாள்.

உள்ளே மச்சான் அந்தப் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.