எஞ்சினை நிறுத்திப் பார்த்த கியர் ஒயில்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவன் நான். பிறகு சொந்தமாக, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஓட்டோ கியர் வேன் ஒன்று வாங்கினேன். கியர் ஒயில் சூடு தணிய ரேடியேட்டருக்குப் போய்வரும் குழாய்கள் இரண்டும் துருப்பிடித்து ஒழுகவே, ஹாலிஎலயில் வீட்டு வாசலிலேயே நானாகப் புதுக்குழாய் மாட்டிப் புது ஒயிலும் ஊற்றினேன். எனக்கு எதிலும் பயம். லொறிப் பழக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று தடவை கியர் ஒயிலின் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். சரியாகவே காட்டியது.

"கம்பி தேஞ்சிறப் போவுது, வாங்க" என்று சிரித்தபடி மனைவி ஏறிக்கொண்டாள்.

மடுல்சீமை ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, வேன் ஏறவில்லை. பின்னோக்கி வழுக்கியது. பின்னால் பெரும் பள்ளம். பிரேக்கை அழுத்தி மிதித்தேன். மனைவி குதித்தோடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

"கல்லு வச்சாச்சு! ஆனா கால எடுத்துறாதீங்க!"

பசறையிலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்த்தார். கம்பி நுனியில்கூட ஒயில் இல்லை.

"லொறி எஞ்சின் ஒயில்னு நெனச்சீங்களா? எஞ்சின் ஓடினாத்தாங்க இது புதுக்குழாய்க்கெல்லாம் போய் நெறயும். நிப்பாட்டிப் பாத்தா நெறஞ்ச மாதிரிதான் காட்டும். ஒயில் கொறஞ்சா ஏத்தத்துல கியர் பிடிக்காது."

அன்றிலிருந்து எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பிறகே அளவு பார்க்கிறேன். அதன்பிறகும் தனியாக ஒரு ஏற்றம் ஏறி இறங்கிப் பார்க்காமல் மனைவியை வேனில் ஏற்றுவதில்லை.