காயக் கூடாத பேரிங்

வேலை முடித்த அன்று மன்றத்தில் செயலாளர் இருந்தார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், செயலாளருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் கதவோரம் நின்றான். தரையில் நான். வேறு யாரும் இல்லை.

சுரங்க நகரியத்தில் ஆபீசர்கள் வந்து போகும் மன்றம் அது. மூலையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. ஆள் உயரம். பந்தைத் தட்டிச் செங்கல்லை உடைக்கும் ஆட்டம். மட்டையை நகர்த்த ஒரே ஒரு குமிழ். விரலால் சுண்டினால் சுற்ற வேண்டும். அது ஆடிப்போய் நின்று பல வருடம் ஆகிறது.

அந்தப் பெட்டியில் ஆடி வளர்ந்த பிள்ளை ஒருவர் இப்போது வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறார். மன்ற விழாவுக்கு வருகிறேன், அந்தப் பெட்டி ஓடினால் போதும், விளையாட்டுக்கென்று தனி அறை கட்டித் தருகிறேன் என்றாராம். சின்ன வயதில் பண்ருட்டியில் வீடியோ கேம் கடையில் வேலை பார்த்தவன் நான். அது தெரிந்து செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அறை வந்தா பார்த்துக்க ஒரு ஆள் வேணும். அது நீதான்," என்றார்.

எனக்கு அது வேண்டியிருந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்டில், கரி ஓடும் பெல்ட்டுக்கு ரோலர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பது தாண்டியவனுக்கு இனி சுரங்கத்துக்குள் போக பாஸ் இல்லை என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்தது.

குமிழை இரண்டு நாள் முன்பே கழற்றினேன். உள்ளே ஷாஃப்ட் ஓடும் புஷ் வளையம் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது. ஷாஃப்ட்டின் அடியில், ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக ஒரு சின்னத் தட்டு. அந்த வெட்டு வழியாக ஒளி போய் வருவதை சென்சார் எண்ணும். அப்படித்தான் மட்டை நகரும். முத்தாண்டிக்குப்பத்து லேத்தில் புது புஷ் கடைந்து வந்தேன். கெட்டுப்போன டிரில்லிங் மெஷினில் இருந்து பேரிங் எடுத்தேன். பேரிங்கில் இருந்த கிரீஸை பெட்ரோல் விட்டுக் கழுவினேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அவ்வளவுதான் வேண்டும்.

எல்லோர் முன்னாலும் சுண்டினேன். சுற்றியது, நிற்கவில்லை.

"அண்ணே, நம்மூரு மினி பஸ்ஸு சக்கரம்கூட இப்டி சுத்தாது," என்றான் வாட்ச்மேன்.

உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். எட்டாயிரத்து நானூற்று அறுபது புள்ளி வந்தது. செயலாளர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஃபோர்மேன் எழுந்து வந்து பெட்டிக்குள் டார்ச் அடித்தார்.

"இன்னாய்யா இது, பேரிங்க காய வுட்டு வச்சிருக்க?"

"கழுவித்தாங்க போட்டேன். இதுக்கு கிரீஸ் ஆவாதுங்க."

"பெல்ட்டுல இப்டி காய வுட்டா மத்தியானத்துக்குள்ள பத்திக்கினு எரியும். தெரியுமா?"

"இது பெல்ட் இல்லிங்க."

"எனக்கே பேரிங் சொல்லிக் குடுக்குறான் பாருங்க சார்."

செயலாளர் என்னிடம் சொன்னார். "அவர் சர்வீஸ்ல எத்தனை பேரிங் பார்த்திருப்பாரு. சொன்னா கேளுப்பா."

ஃபோர்மேன் வாட்ச்மேனைத் தன் வீட்டுக்கு அனுப்பி கிரீஸ் டப்பா வரவழைத்தார். சுரங்கத்தில் பார்க்கிற அதே கிரீஸ். விரலால் அள்ளி, பேரிங் மறையும்வரை அப்பினார். எங்கள் ஊரில் காய்ந்த பேரிங்கைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. எனக்கும் பெல்ட் அடியில் அப்படித்தான்.

"இன்னும் கொஞ்சம் இருந்தா குடுங்க சார், எங்க வூட்டு கேட்டு கத்திகினே கீது," என்றான் வாட்ச்மேன். ஃபோர்மேன் அவனை முறைத்தார்.

ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெட்டியின் பின்கதவைப் பூட்டிச் சாவியை ஃபோர்மேன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி விழாவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.

விழாவன்று காலையிலேயே பெட்டிக்கு ஸ்விட்ச் போட்டுவிட்டார்கள். நல்ல வெயில். பெட்டிக்குள் சூடு ஏறியிருக்கும். கிரீஸ் இளகி ஷாஃப்ட் வழியே தட்டில் இறங்கி வெட்டுகளை அடைத்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வெளிநாட்டில் இருந்து வந்தவர் குமிழைப் பிடித்தார். மட்டை இடது பக்கம் கொஞ்சம் போனது. வலது பக்கம் வரவில்லை. திருகினார். துள்ளியது, நின்றது. பந்து கீழே விழுந்துகொண்டே இருந்தது.

"கான்ட்ராக்ட்டு ஆளு வேல சார். இப்டித்தான் இருக்கும்," என்றார் ஃபோர்மேன்.

நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். செயலாளர் என் பக்கம் திரும்பவில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

"பரவாயில்ல அங்கிள். ஓல்ட் மெஷின்தானே," என்றார் வந்தவர். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனார். அறையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லையாம்.

பெட்டியைக் கொண்டுபோய் சைக்கிள் ஷெட்டில் போட்டார்கள். நான் மன்றத்துப் பக்கம் போவதில்லை. பாஸைக் கான்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார்.

விழாவன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரையில் வந்தவர் எடுத்த புள்ளி இருந்தது.

முப்பது.